மன்னார்க் கடலும் மாற்று வழியும்

கடல் நாடுகளைப் பிரிக்கிறது என்பர். மன்னார்க் கரையின் வரலாறோ கடல் நாடுகளை இணைத்த வரலாறாகவே அமைந்துள்ளது. பண்டைக் காலத்திலே மரக்கலங்கள் மாந்தைத் துறைக்குப் பொருள் கொணர்ந்தன. இன்று மன்னார் வளைகுடாவின் அடியிலே செய்திகள் ஒளிவடிவிற் செல்கின்றன. பொருளாயினும் செய்தியாயினும், அது இடையறாது செல்வதற்கு யாது வேண்டும்? இவ்வினாவுக்கு இக்கரை தரும் விடை சிந்தித்தற்குரியது.

1850ஆம் ஆண்டளவில், ஐரோப்பியச் செய்திகள் நீராவிக் கப்பல் வழியாகக் காலியை வந்தடைந்தன. 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை அவற்றைப் புறாக்களின் மூலம் கொழும்புக்கு வருவித்தது. 1858இல் காலிக்கும் கொழும்புக்குமிடையே தந்தி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. அக்காலத்திலேயே தந்திக் கம்பி மன்னார் வரை நீண்டு, கடலடி வடத்தினால் இந்தியாவுடன் இணைந்தது. நாட்கணக்கிற் சென்ற செய்தி நிமிடக் கணக்கிற் சென்றது. ஆயினும், காட்டிலே ஒரு கம்பம் சாய்ந்தாலும், கடலிலே வடம் பாறையில் உராய்ந்து பழுதுற்றாலும், இரு கரையும் ஊமையாகிவிடும். வழி ஒன்றே என்பதுதான் அதன் குறை.

1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகைவண்டியையும் கப்பலையும் இணைத்த பயணச் சேவை தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்தரங்களைக் கடலில் வீழ்த்தியது. ஆனால் பொறியியலாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில், கடலில் வீழ்ந்த உத்தரங்களையே மீட்டெடுத்து, 46 நாட்களிற் பாலம் செப்பனிடப்பட்டது. கப்பற் சேவை பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்று, 1980களில் உள்நாட்டுப் போரினால் நின்றது. மாற்றுத் துறை இருந்தமையாலேயே புயலின் பின்னும் அச்சேவை இருபது ஆண்டளவு உயிர்வாழ்ந்தது.

இதே பாடத்தை இணைய யுகமும் கற்றது. 2004 ஆகஸ்டில், கொழும்புத் துறைமுகத்தருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடி வடத்தை அறுத்தது. இலங்கையின் இணையத் தொடர்பு பெரும்பாலும் அற்றுப்போயிற்று. மறு ஆண்டில் வேறொரு பன்னாட்டு வடமும், 2006இல் கல்கிசையையும் தூத்துக்குடியையும் இணைக்கும், ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமான பாரத் லங்கா வடமும் இயங்கத் தொடங்கின. ஒரு வழி அடைபட்டால் மறு வழி திறந்திருக்கும் நிலை அதனால் உண்டாயிற்று.

இவ்வடங்கள் கொணரும் செய்திகளைத் தாங்கி நிற்பவை தரவு நிலையங்கள். வங்கிக் கணக்கும், மருத்துவமனைப் பதிவும், வணிகரின் இருப்புக் கணக்கும் அங்குள்ள கணினிகளிலே காக்கப்படுகின்றன. மூன்றாந் தர நிலையம் ஆண்டில் 99.982 சதவீத நேரம் இயங்கவேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. அஃதாவது, ஆண்டு முழுவதிலும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே நிற்கலாம். இதற்காக மின்சாரத்திற்கும் குளிரூட்டலுக்கும் இரு வழிகள் வகுக்கப்படுகின்றன. மின்சாரம் நின்ற கணமே மின்கல அடுக்குகள் சுமையை ஏற்கின்றன. சில நிமிடங்களுக்குள் டீசல் மின்பிறப்பாக்கிகள் இயங்கி அச்சுமையைத் தாம் பெற்றுக்கொள்கின்றன.

இவ்வேற்பாடு வீண் செலவன்று. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியதே காரணம் என அமைச்சர் கூறினார். 2020இல் திறக்கப்பட்ட மன்னார்த் தீவின் 'தம்பபவனி' காற்றாலைகள் முப்பதும் சேர்ந்து 103.5 மெகாவாற்று மின்சாரம் தரவல்லவை. ஆயினும் காற்று எந்நாளும் ஒரே அளவாய் வீசுவதில்லை. பருவக்காற்று ஓயும் நாளுக்கென வேறு மின்மூலமும் வேண்டும்.

ஆயினும், இரண்டாவது பொறியை வாங்கி வைப்பதனால் மட்டும் காவல் முழுமையுறாது. மாதக்கணக்கில் இயக்கிப் பாராத மின்பிறப்பாக்கி, தேவைப்படும் வேளையில் இயங்காது போகலாம். வலுவிழந்த மின்கலம் ஒன்று முழு அடுக்கையும் பயனற்றதாக்கலாம். படியெடுத்து வைத்த தரவைத் திரும்ப ஏற்றிப் பாராதவன், தன்னிடம் படி உண்டு என உறுதி கூறமுடியாது. ஆகவே சுமையேற்றிச் சோதித்தலும், காலக்கெடுவிற்கு முன்பே உறுப்புகளை மாற்றுதலும், செய்த வேலையை ஏட்டிற் பதிதலும் நாட்கடமையாகின்றன. விழிப்புள்ள பணியாளர் இன்றி எவ்விரட்டை ஏற்பாடும் பயன் தராது.

பழுதே நேராது என்று எண்ணிக் கட்டியவை ஒரு புயலிலோ ஒரு நங்கூரத்திலோ வீழ்ந்தன. பழுது நேரும் என்று எண்ணி, மாற்று வழியை வகுத்து, அதனை நாள்தோறும் பேணியவையே நிலைத்தன. மன்னார்க் கடல் புறாக் காலத்திலிருந்து கணினிக் காலம் வரை மனிதனுக்குக் கற்பிப்பது இதுவே.