கோதுமைக் காட்டில் ஒரு சீட்டுக் கணக்கு

மத்தியப் பிரதேசத்தில் கோதுமை மண்டி இருக்கும் ஊர் ஒன்றில் வங்கி வேலை எனக்கு. கோதுமையைப் பற்றிப் படிக்கப் போய், கடைசியில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் போய் நின்றேன். அங்கே ஹோல்ட்ஃபாஸ்ட் என்று ஒரு குக்கிராமம். பி.காம். படித்தவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். விஷயமே கணக்குதான் சார்!

கனடா அரசு 1872-இல் ஒரு சட்டம் போட்டது. பத்து டாலர் கட்டினால் 160 ஏக்கர் நிலம். அதில் வீடு கட்டிக் குடியிருந்து, உழுது காட்டினால் நிலம் சொந்தம். ஜெர்மானியர், உக்ரைனியர், ஆங்கிலேயர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பேசும் மொழி புரியாது. அந்த வீடும் கூப்பிடு தூரத்தில் இருக்காது. குளிர்காலத்தில் மைனஸ் முப்பது டிகிரி. (இங்கே டிசம்பர் குளிருக்கே நான் மூன்று ஸ்வெட்டர் போடுகிற ஆள்!)

எப்படிச் சமாளித்தார்கள்? கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றுதான், அது பண்ணை பண்ணையாகப் போகும், ஆட்களும் கூடவே போவார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். கோடையில் வாரம் ஒரு குடும்பம் மாடு கொடுக்கும், இறைச்சியை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அடுத்த வாரம் அடுத்த குடும்பத்தின் முறை. நம்ம ஊர்ச் சீட்டேதான், பணத்துக்குப் பதில் மாடு.

இப்போது ஹோல்ட்ஃபாஸ்ட் கதைக்கு வருகிறேன். முதல் உலகப்போர் தொடங்கிய சமயம். அந்தக் கிராமத்தை உள்ளடக்கிய சார்னியா ஊராட்சியில் இருந்த டாக்டர், வருமானம் போதாமல் கிளம்பப் பார்த்தார். ஊராட்சி அவருக்கு 1,500 டாலர் தருவதாகச் சொல்லி நிறுத்தி வைத்தது. பிறகு 1916-இல் மாகாணச் சட்டத்தையே திருத்தி, டாக்டர் சம்பளத்துக்கென்று ஊராட்சிகள் வரி போட வழி செய்தார்கள். நோயாளி, நோயில்லாதவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் கட்ட வேண்டும். பல ஊராட்சிகள் இதைப் பின்பற்றின. 1947-இல் மாகாணம் முழுக்க ஆஸ்பத்திரிக் காப்பீடு வந்தது. 1962 ஜூலை 1 அன்று மருத்துவக் காப்பீடும் வந்தது. அதை எதிர்த்து டாக்டர்கள் 23 நாள் ஸ்டிரைக் செய்தும் திட்டம் நின்றது, பின்னர் நாடு முழுதும் பரவியது.

எல்லாமே நிலைக்கவில்லை. 1924-இல் விவசாயிகள் தொடங்கிய கோதுமைக் கூட்டுறவு, 2007-இல் இன்னொரு கம்பெனியோடு இணைந்து பெயரையே இழந்தது. ரயில் பாதையோரம் நின்ற மரத் தானியக் கோபுரங்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. டாக்டருக்காகப் போட்ட அந்தக் கணக்கு மட்டும் தங்கிவிட்டது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இங்கே நாங்கள் இருபது தமிழ்க் குடும்பங்கள். போன வருடம் ஒருவருக்குத் திடீர் ஆபரேஷன். அன்று இரவே ஆளாளுக்கு போன் போட்டுப் பணம் திரட்டினோம். தேறிவிட்டார். ஆனால் கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்தக் குடும்பம் பொங்கலுக்குக்கூட வரவில்லை.

கருணையை நம்பினால் வாங்கியவர் தலை குனிய வேண்டியிருக்கிறது. கணக்காக வைத்துவிட்டால் அது அவருடைய உரிமை. ஹோல்ட்ஃபாஸ்ட்காரர்களுக்கு நூறு வருடத்துக்கு முன்பே இது புரிந்திருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது மாதச் சந்தா பற்றிப் பேசப் போகிறேன். முதலில் அந்த வீட்டுக்குப் போய் அவர்களைக் கூப்பிட வேண்டும்.