பீப்பாயில் அடைபட்ட ஆறு: போர்ட் ஒயினின் கதை

போர்ச்சுகல் நாட்டுக்கு விடுமுறையில் செல்லும் தம்பதிகளின் பயணத் திட்டத்தில் போர்ட்டோ நகரத்துக்கு எப்போதும் மூன்று நாட்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். முதல் நாள் ஊர் சுற்றிப் பார்ப்பது. இரண்டாம் நாள் ஆற்றைக் கடந்து அக்கரையில் உள்ள ஒயின் கிடங்குகளைப் பார்ப்பது. மூன்றாம் நாள் ரயிலிலோ படகிலோ ஏறி, டோரோ ஆற்றின் வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போவது. கண்ணுக்கு அழகு, வாய்க்கு ருசி, கையில் ஒரு கோப்பை. இதற்கு மேல் ஒரு விடுமுறைக்கு என்ன வேண்டும்?

ஆனால் அந்த மூன்று நாட்களும் அவர்கள் நடப்பது முந்நூறு வருட வரலாற்றின் மேல். அந்தக் கோப்பைக்குப் பின்னால் ஒரு வர்த்தக ஒப்பந்தம், ஒரு கலவரம், ஒரு படகு விபத்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறிய ஒரு பூச்சி எல்லாம் இருக்கின்றன. தம்பதி போகும் வழியிலேயே போய் அவற்றைப் பார்க்கலாம்.

முதல் நாள்: குடல் கறியும் நீல ஓடுகளும்

போர்ட்டோவின் பழைய பெயர் போர்ட்டஸ் காலே. ரோமானியர் காலத்துத் துறைமுகம் அது. போர்ச்சுகல் என்ற நாட்டின் பெயரே இந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான். நகரத்தின் பழைய பகுதியை 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஊருக்குள் வருபவர்கள் முதலில் வாய் பிளந்து நிற்கும் இடம் சாவ் பென்டோ ரயில் நிலையம். சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஏறக்குறைய 20,000 ஓடுகள். ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியர் தீட்டியவை. அதில் ஒரு காட்சி 1415-ல் வட ஆப்பிரிக்காவின் சியூட்டா நகரைப் போர்ச்சுகீசியர் பிடித்தது. போர்ட்டோவில் பிறந்த இளவரசர் ஹென்றி அந்தப் படையெடுப்பில் இருந்தார். பிற்காலத்தில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியதற்கான தொடக்கப் புள்ளிகளில் ஒன்று இந்தச் சியூட்டா.

அதே படையெடுப்புக்கும் போர்ட்டோவின் சாப்பாட்டு மேசைக்கும் ஒரு தொடர்பு சொல்வார்கள். கப்பல் படைக்கு ஊரில் இருந்த நல்ல இறைச்சியை எல்லாம் உப்புப் போட்டு அனுப்பிவிட்டார்களாம். ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியது குடலும் இரைப்பையும்தான். அதை வெள்ளை பீன்ஸுடன் வேக வைத்துச் சாப்பிட்டார்களாம். கதை எந்த அளவுக்கு உண்மையோ, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. போர்ட்டோ ஊர்க்காரர்களை இன்றும் 'திரிபேய்ரோ', அதாவது 'குடல் தின்பவர்கள்' என்றுதான் அழைப்பார்கள். அவர்களும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்! நம் ஊரில் போட்டி என்றும் குடல் கறி என்றும் விரும்பிச் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பெருமை எளிதில் புரியும்.

மாலையில் எல்லோரும் வந்து சேரும் இடம் ஆற்றங்கரையில் உள்ள ரிபேய்ரா. அங்கே சுவரில் ஒரு சிறிய வெண்கலச் சிற்பம் இருக்கிறது. முன்னால் எப்போதும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும். படம் எடுக்கும் அவசரத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. 1809 மார்ச் 29 அன்று நெப்போலியனின் படை ஊருக்குள் நுழைந்தபோது, மக்கள் உயிருக்குப் பயந்து படகுகளைக் கோத்துக் கட்டிய பாலத்தின் வழியாக அக்கரைக்கு ஓடினார்கள். பாலம் தாங்கவில்லை. ஏராளமானோர் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களுக்காகத்தான் அந்த விளக்கு. இன்று தலைக்கு மேலே நிற்கும் இரண்டடுக்கு இரும்புப் பாலம் அதற்கு வெகு காலம் கழித்து 1886-ல் வந்தது. அதை வடிவமைத்த தியோஃபில் செய்ரிக், ஈபிள் கோபுரத்துக்குப் பெயர் கொடுத்த ஈபிளின் முன்னாள் கூட்டாளி.

இரண்டாம் நாள்: அக்கரையில் ஏன் ஆங்கிலப் பெயர்கள்?

பாலத்தைக் கடந்தால் வில்லா நோவா டி கையா. கரை நெடுகக் கிடங்குகள். கூரைகளில் பெரிய எழுத்துகளில் சாண்டமேன், டெய்லர், கிரஹாம், காக்பர்ன், கிராஃப்ட் என்று பெயர்கள். போர்ச்சுகல் நாட்டு ஒயினுக்கு ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர் பெயர்கள் எப்படி வந்தன?

காரணம் சண்டை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தும் பிரான்சும் அடிக்கடி மோதிக்கொண்டன. போர் வந்தால் பிரெஞ்சு ஒயின் வராது. இங்கிலாந்து வியாபாரிகள் போர்ச்சுகல் பக்கம் திரும்பினார்கள். 1703-ல் மெத்துவன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இங்கிலாந்தின் கம்பளித் துணிக்குப் போர்ச்சுகல் தன் சந்தையைத் திறந்துவிட வேண்டும். பதிலுக்குப் போர்ச்சுகல் ஒயினுக்கு, பிரெஞ்சு ஒயினை விட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரியே இங்கிலாந்தில் விதிக்கப்படும். இவ்வளவுதான் ஒப்பந்தம்.

பொருளாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு இது பழக்கமான கதையாகத் தெரியலாம். 1817-ல் டேவிட் ரிக்கார்டோ தன் 'ஒப்பீட்டு நன்மை' கோட்பாட்டை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணமே இங்கிலாந்துத் துணியும் போர்ச்சுகல் ஒயினும்தான். போர்ச்சுகல் ஒயினுக்கு 80 ஆட்கள், துணிக்கு 90 ஆட்கள். இங்கிலாந்தில் ஒயினுக்கு 120, துணிக்கு 100. ஆளுக்கு ஒன்றைச் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் தறி ஓட்டிய நாட்டில் பின்னால் தொழிற்புரட்சி வந்தது. திராட்சை நட்ட நாடு நெடுங்காலம் திராட்சையையே நம்பி நின்றது. துணிக்கும் ஒயினுக்கும் இடையே விழுந்த துண்டை ஈடுகட்ட, பிரேசிலில் இருந்து வந்த தங்கம் இங்கிலாந்துக்குப் போனது. அட்டவணையில் இல்லாத பகுதி இது.

போர்ட் ஒயின் ஏன் இனிக்கிறது என்பதும் இங்கேதான் தெரியும். திராட்சைச் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. பாதி வழியிலேயே அதில் திராட்சைச் சாராயத்தை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். அதனால்தான் இனிப்பும் இருக்கிறது, 20 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் இருக்கிறது. தொடக்கத்தில் கடல் பயணத்தில் கெடாமல் இருக்கச் சிறிது சாராயம் சேர்த்தார்கள். பிறகு அதுவே அந்த ஒயினின் அடையாளம் ஆகிவிட்டது.

கிடங்குக்குள் வரிசை வரிசையாக நிற்கும் மரப் பீப்பாய்களுக்கு அங்கே 'பிபா' என்று பெயர். கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் தமிழில் உள்ள 'பீப்பாய்' என்ற சொல் அந்தப் 'பிபா'வில் இருந்து வந்ததுதான். ஜன்னல், அலமாரி, சாவி, மேசை போலவே இதுவும் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து இறங்கிய சொல். டோரோவில் ஒரு பிபா என்றால் 550 லிட்டர். அங்கே இன்றும் விளைச்சலைப் பீப்பாய்க் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

கலப்படமும் கலவரமும்

ஒயின் நன்றாக விற்றதும் பேராசையும் வந்தது. நிறம் கூட்ட எல்டர்பெர்ரி பழச்சாறு கலந்தார்கள். தரம் விழுந்தது, விலையும் விழுந்தது. அப்போது போர்ச்சுகலை உண்மையில் ஆண்டவர் பிரதமர் பொம்பால் பிரபு. 1755-ல் லிஸ்பன் நகரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் நாட்டையே தன் பிடிக்குள் கொண்டு வந்தவர். 1756-ல் அவர் ஓர் அரசு நிறுவனத்தை உருவாக்கினார். போர்ட் ஒயினுக்கான திராட்சை எங்கே விளையலாம் என்று எல்லை வகுத்து, கருங்கல் தூண்களை நட்டார். எல்டர்பெர்ரி மரங்களைப் பிடுங்கி எறியச் சொன்னார். எல்லை வகுக்கப்பட்ட ஒயின் பகுதிகளில் உலகிலேயே மிகப் பழமையானவற்றில் டோரோவும் ஒன்று. அந்தக் கல் தூண்களில் பல இன்றும் தோட்டங்களில் நிற்கின்றன.

ஆனால் அந்த நிறுவனத்துக்கே போர்ட்டோவில் ஒயின் விற்கும் ஏகபோக உரிமையும் கிடைத்தது. சாதாரணக் குடிமகன் குடிக்கும் ஒயினின் விலை ஏறியது, சிறு கடைக்காரர்கள் பிழைப்பு போனது. 1757 பிப்ரவரியில் போர்ட்டோ மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு அதை ராஜதுரோகமாக எடுத்துக்கொண்டு பலரைத் தூக்கிலிட்டது. வரலாற்றில் அதற்குக் கொடுத்த பெயர் என்ன தெரியுமா? 'குடிகாரர்கள் கலகம்'! பிழைப்புக்காகக் கூடியவர்களைக் குடிகாரர்கள் என்று சொல்லிவிட்டால் தூக்கில் போடுவதும் எளிதாகிவிடுகிறது.

மூன்றாம் நாள்: ஆற்றின் மேலே

போர்ட்டோவில் இருந்து கிளம்பும் ரயில் வழியில் ஆற்றை அடைந்து, பிறகு அதை ஒட்டியே போகும். பின்யாவ் நிலையத்தில் இறங்கினால் அங்கேயும் ஓட்டு ஓவியங்கள், இந்த முறை திராட்சை அறுவடைக் காட்சிகள். சுற்றிலும் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் சுவர்கள். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல், பலகை பலகையாக உடையும் பாறையை அடுக்கி அடுக்கியே கட்டியவை. கட்டியவர்களில் பலர் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். பெண்கள் பறிக்க, ஆண்கள் கூடைகளைத் தோளில் சுமந்து இறங்க, இரவில் கல் தொட்டிக்குள் நின்று தோளோடு தோள் சேர்த்துத் திராட்சையை மிதிப்பார்கள். சில தோட்டங்களில் இன்றும் காலால் மிதிக்கும் வழக்கம் உண்டு.

பீப்பாய்கள் 'ரபேலோ' என்ற தட்டையான படகுகளில் ஆற்றில் இறங்கின. பாறையும் சுழலும் நிறைந்த ஆறு அது. மேலே திரும்பும்போது காற்று இல்லாவிட்டால் கரையிலிருந்து மாடுகளைக் கட்டி இழுக்க வேண்டும். 1861 மே 12 அன்று வலேய்ரா என்ற இடத்தில் ஒரு படகு கவிழ்ந்தது. அதில் இரண்டு புகழ்பெற்றவர்கள் இருந்தார்கள்.

ஒருவர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர். இங்கிலாந்தில் பிறந்து போர்ட்டோவில் குடியேறிய ஒயின் வியாபாரி. டோரோ ஆற்றை அளந்து வரைபடம் போட்டதற்காகப் போர்ச்சுகல் அவருக்குப் பிரபு பட்டம் கொடுத்தது. ஒயினில் சாராயம் கலக்கக் கூடாது என்று 1844-ல் புத்தகம் போட்டுச் சண்டை பிடித்தவர். அவர் ஜெயித்திருந்தால் இன்றைய போர்ட் ஒயினே இருந்திருக்காது! மற்றவர் டோனா அந்தோனியா ஃபெரேய்ரா. 33 வயதில் கணவனை இழந்து, குடும்ப வியாபாரத்தைத் தானே நடத்தி, டோரோவின் மிகப் பெரிய தோட்டக்காரர்களில் ஒருவராக உயர்ந்தவர். சிறுமியாக இருந்த தன் மகளை அதிகாரம் மிக்க ஒரு பிரபு தன் மகனுக்குக் கேட்டு வற்புறுத்தியபோது, மகளை அழைத்துக்கொண்டு லண்டனுக்கே போய்விட்டவர்.

ஃபாரஸ்டர் மூழ்கினார், உடல் கிடைக்கவே இல்லை. இடுப்பில் கட்டியிருந்த பணப்பட்டையின் எடை அவரை இழுத்துவிட்டது என்றும், அந்தோனியாவின் அகன்ற பாவாடை காற்றால் உப்பி அவரை மிதக்க வைத்தது என்றும் ஊரில் சொல்வார்கள். அந்தச் சுழல் இப்போது இல்லை. 1970-களில் கட்டிய அணையின் நீருக்கு அடியில் போய்விட்டது. ரபேலோ படகுகளும் 1960-களோடு தொழிலை விட்டுவிட்டன. இன்று கையா கரையில் கட்டிக் கிடப்பவை அலங்காரத்துக்கு.

பிழைத்த அந்தோனியாவுக்கு அடுத்து வந்த சோதனை ஃபைலாக்செரா. அமெரிக்காவிலிருந்து வந்த, அசுவினிக்கு நெருங்கிய உறவான சிறு பூச்சி. வேரை உறிஞ்சிக் கொடியைக் கொன்றுவிடும். 1860-களில் டோரோவுக்குள் வந்து மலை மலையாக அழித்தது. கடைசியில், அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள். அப்போது கைவிட்ட படிகள் சில இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. ஊரார் அவற்றை 'மோர்தோரியோ' என்கிறார்கள். சாவை நினைவூட்டும் பெயர்.

கோப்பையில் யார் பங்கு எவ்வளவு?

1926 முதல் ஒரு சட்டம் இருந்தது. போர்ட் ஒயின் கையா கிடங்குகள் வழியாகத்தான் ஏற்றுமதி ஆக வேண்டும். அதாவது மலையில் திராட்சை விளைவித்த சிறு விவசாயி தன் பெயரில் ஒரு புட்டியைக் கூட நேராக வெளிநாட்டுக்கு விற்க முடியாது. கூரைகளில் ஏன் அந்தச் சில பெயர்கள் மட்டும் பெரிதாகத் தெரிகின்றன என்பதற்கு இதுவும் ஒரு விடை. அந்தச் சட்டம் 1986-ல்தான் நீங்கியது.

இன்னொரு ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. மண், சரிவு, உயரம், கொடியின் வயது எல்லாம் பார்த்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் தர எழுத்து உண்டு. அந்த வருடம் எத்தனை பீப்பாய் போர்ட் ஒயின் செய்யலாம் என்று முடிவு செய்து, தரப்படி பங்கு பிரிப்பார்கள். போர்ட்டுக்குப் போகும் திராட்சைக்குத்தான் நல்ல விலை. அந்த அளவு 2023-ல் 1,04,000 பீப்பாயாக இருந்தது, 2024-ல் 90,000 ஆனது, 2025-ல் 75,000 ஆகக் குறைந்தது. உலகில் இனிப்பு ஒயின் குடிப்பவர்கள் குறைந்து வருகிறார்கள். அதன் அடி முதலில் விழுவது ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி மேல்.

2001-ல் டோரோவின் மலைச்சரிவுகளையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அது கோயிலோ கோட்டையோ அல்ல, வேலை நடந்துகொண்டிருக்கும் வயல். மழையில் சரியும் கல்லை ஒருவர் எடுத்து மறுபடி அடுக்கினால்தான் அந்தச் சுவர் நிற்கும். திராட்சை விற்காவிட்டால் அடுக்க ஆள் இருக்காது. சுற்றிப் பார்க்க வரும் தம்பதிகள் படம் எடுக்கும் அந்த அழகு, அடுத்த வருடத்துப் பீப்பாய்க் கணக்கின் மேல்தான் நிற்கிறது.