மார்க்கை நீ கொண்டு வராதே!

நம்ம ஊர்ல சர்டிபிகேட்னாலே நாமதான் தூக்கிட்டு அலையணும். ஜெராக்ஸ் எடுத்து, ஒரு கெஜட்டட் ஆபீசரைத் தேடிப் பிடிச்சு, பச்சை மையில கையெழுத்து வாங்கி... 2014 வாக்கில் மத்திய அரசு 'நீங்களே கையெழுத்துப் போட்டா போதும்'னு சொல்ற வரைக்கும் இதே கதைதான்.

அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களோட வழி வேற. ஜிமேட் மார்க்கை மாணவனே கொண்டு போய்க் கொடுத்தா அது 'அபிஷியல்' கிடையாது. தேர்வு நடத்துறவங்க கல்லூரிக்கு நேரா அனுப்பணும். எத்தனை பச்சை மை இருந்தாலும் வேலைக்கு ஆகாது :-)

இதோட ஆரம்பம் 1953. ஹார்வர்டு, கொலம்பியா, சிகாகோ உட்பட ஒன்பது பிசினஸ் ஸ்கூல்கள் பிரின்ஸ்டன்ல இருந்த ஈடிஎஸ் நிறுவனத்தோட கைகோத்தாங்க. பல கல்லூரிகள்ல படிச்சவங்க வந்து நிக்கிறாங்க, ஒரு கல்லூரி 'ஏ' கிரேடும் இன்னொரு கல்லூரி 'ஏ' கிரேடும் ஒண்ணா? எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேணும்னு 1954-ல முதல் தேர்வு. ஜிமேட்ங்கிற பேரு 1976-லதான் வந்துது. அளவுகோல் கேட்ட ஹார்வர்டே 1985-ல 'எங்களுக்கு ஜிமேட் வேண்டாம்'னு தூக்கிப் போட்டு, பத்து வருஷத்துக்கு மேல கழிச்சுத் திரும்ப எடுத்துக்கிட்டது தனிக்கூத்து.

1997-ல தேர்வு கம்ப்யூட்டருக்கு மாறிச்சு. எனக்குக் கொடுமையாத் தெரியறது இந்தக் காலத்து விதிதான். தேர்வு தொடங்கும் முன்னாடியே எந்தெந்த கல்லூரிக்கு மார்க் போகணும்னு ஐந்து பேரைக் குறிச்சுடணும். எழுதி முடிச்சதும் திரை கேக்கும்: மார்க்கை ரத்து செய்யறியா, ஏத்துக்கறியா? மார்க் எவ்வளவுன்னு காட்டாமலே! ரத்து செஞ்சா, தேறியிருந்தாலும் போச்சு. ஏத்துக்கிட்டா, கவிழ்ந்திருந்தாலும் ஐந்து கல்லூரிக்கும் போயிடும். சீட்டாட்டத்துல கூட கையில இருக்கற சீட்டைப் பாத்துட்டுதான் பந்தயம் கட்டுவாங்க.

மாணவனை நம்பாததுக்கு அவங்க பக்கமும் காரணம் இல்லாம இல்லை. ஸ்கோர்டாப்னு ஒரு தளம், நடப்புல இருந்த நிஜக் கேள்விகளையே காசு வாங்கிட்டுக் காட்டிச்சு. ஜிமேட்டை நடத்தற கவுன்சில் கோர்ட்டுக்குப் போய் 2008-ல 23 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு வாங்கிச்சு. அதோட நிக்கல. 84 பேரோட மார்க்கை ரத்து செஞ்சு, அந்த மார்க் போய்ச் சேர்ந்த கல்லூரிகளுக்கும் தகவல் அனுப்பிட்டாங்க. மார்க் நேரா போற ஏற்பாட்டோட மறுபக்கம் இது. போன வழியிலேயே திரும்பப் பிடுங்கவும் முடியும். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க உள்ளங்கை நரம்பை ஸ்கேன் பண்ற கருவியும் அதே 2008-லதான் வந்துது. முதல்ல கொண்டு வந்த நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணு. (பெருமைப்படவா வேண்டாமா தெரியலை.)

அப்புறம் பிடி மெல்லத் தளர்ந்துது. 2014-ல மார்க்கைக் காட்டிட்டு, ரெண்டு நிமிஷத்துல முடிவு செய்னு சொன்னாங்க. 2015-லேர்ந்து, ரத்து செஞ்ச விஷயமே கல்லூரிக்குத் தெரியாதபடி ஆச்சு. 2023 நவம்பர்ல வந்த புதுத் தேர்வுல முன்கூட்டியே கல்லூரி குறிக்கற வேலையே இல்லை. பாத்துட்டு அனுப்பலாம், ஐந்து இலவசம். இப்போ நிறைய கல்லூரிகள் விண்ணப்பத்துல மாணவனே மார்க்கை எழுதிக்கச் சொல்றாங்க, இடம் கிடைச்ச பிறகு அபிஷியல் ரிப்போர்ட் வந்தா போதும். ரெண்டும் ஒத்துப் போகலைன்னா கிடைச்ச இடம் போயிடும், அவ்வளவுதான்.

விண்ணப்பம் போடறவங்களுக்கு ஒரு தகவல். பழைய தேர்வு 2024 ஜனவரி 31-ஓட முடிஞ்சுது, மார்க் ஐந்து வருஷம் செல்லும். அதனால 2029 ஜனவரி வரைக்கும் 800-க்கு ஒண்ணு, 805-க்கு ஒண்ணுன்னு ரெண்டு வித மார்க்கும் புழக்கத்துல இருக்கும். பழசுல 700 எடுத்தவரும் புதுசுல 645 எடுத்தவரும் ஏறக்குறைய சமம். 645-னு சொல்ற பையனை யாரும் உதட்டைப் பிதுக்கிப் பாக்காதீங்க.