கணநேர முகக்குறிப்பும் அதன் நிலைக்களனும்

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்து விசய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பெற்ற சுவரோவியங்களுள் தஞ்சை மராத்தியருடன் நடந்த போரும் இராமாயண நிகழ்ச்சிகளும் அந்தப்புர வாழ்வும் இடம்பெற்றிருப்பினும், அகன்ற விழிகளோடு பக்கவாட்டில் வரையப்பட்ட முகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே உள்ளன. ஒரு முகத்தில் சினத்தையும் மற்றொன்றில் காதலையும் காண்பவர், அவற்றை முகக்கோடுகளினும் மிகுதியாகச் சூழ்ந்துள்ள வேலும் யானையும் மஞ்சமும் கொண்டே உணர்கிறார்.

மனித மூளை உயிருள்ள முகத்தைப் படிக்கும் முறையும் இதற்கு அயலானதன்று. மறைக்க முயன்ற உணர்ச்சி அரை விநாடிக்கும் குறைவான நேரம் முகத்தசைகளில் தோன்றி மறைவதை நுண்முகக்குறிப்பு எனலாம். உளமருத்துவ உரையாடல்களின் படச்சுருளை மெதுவாக ஓட்டிப் பார்த்த ஹாகார்டு, ஐசக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1966இல் இதனை எடுத்துரைத்தனர். முகம் கண்ணிற்பட்டு ஏறத்தாழ 170 மில்லிவிநாடியில் மூளையில் ஒரு மின் அலை எழுகிறது. அது முகத்தின் வடிவத்தை மூளை அமைத்துக்கொள்ளும் தொடக்கநிலையின் அடையாளமாகும். பின்னணியில் அச்சமூட்டும் காட்சி இருப்பின் அவ்வலையே மாறுபடுவதை ரைகார்ட், டி கெல்டர் ஆகியோர் 2006இல் காட்டினர். எனவே சூழல் என்பது முகத்தைக் கண்டு முடித்தபின் சேர்க்கப்படும் விளக்கம் அன்று. காணும் செயலுக்குள்ளேயே அது புகுந்துவிடுகிறது.

இதனினும் தெளிவானது வியந்த முகத்தை வைத்து 2004இல் கிம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஒரே முகத்தை, ஐந்நூறு டாலரை இழந்தவர் என்ற குறிப்போடு காட்டியபோது, கண்டெடுத்தவர் என்ற குறிப்போடு காட்டியதைவிட, நன்மை தீமைகளை விரைந்து எடைபோடும் மூளைப்பகுதியாகிய அமிக்டலாவின் கீழ்ப்புறம் மிகுதியாக இயங்கிற்று. வியப்பு என்னும் முகக்குறிப்பு தன்னளவில் இன்பமா துன்பமா என்று சொல்வதில்லை என்பதால் இது இயல்பே.

உணர்ச்சியைச் சூழலோடு இணைத்தே காணும் நோக்கு தமிழிலக்கணத்திலும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உள்ளத்துணர்ச்சி மெய்யில் புலப்படுவதாகிய மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறி, ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நான்கு நிலைக்களன்களை வகுக்கையில், வியப்பாகிய மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பவற்றைக் குறிக்கிறது. சேதுபதிகளின் ஆதரவில் வளர்ந்து தொல்காப்பியப் பொருளதிகாரத்தை ஆராய்ந்து நூல் செய்த மு. இராகவையங்கார் போன்றோரின் மரபில் வந்த வாசகர்க்கு இது புதிதன்று. ஆயினும் தொல்காப்பியர் நரம்பியலை முன்னுணர்ந்தார் என்று விழா மலர்களில் எழுதும் வழக்கம் அவருக்குப் பெருமை சேர்ப்பதில்லை. அவர் கூறியது செய்யுளிற் பொருள் கொள்ளும் நெறி. களனின்றி மெய்ப்பாட்டை எண்ண அவர் ஒப்பவில்லை என்ற அளவே போதும்.

கணநேரக் குறிப்பில் சூழலின் பிடி எத்தகையது என்பதை 2014இல் சீன ஆய்வாளர் சோதித்தனர். அடையாளம் காணவேண்டிய குறிப்பு இரு ஒத்த முகங்களின் இடையே சிறிதுநேரம் தோன்றுமாறு செய்தபோது, முன்னும் பின்னும் வந்த முகம் எதிர்மறை உணர்ச்சி காட்டினால், குறிப்பு நீடித்த நேரம் எதுவாயினும், அதனை அடையாளம் காணும் திறன் குன்றியது. அமெரிக்க விமானநிலையங்களில் பயணிகளின் முகத்தையும் நடத்தையையும் கொண்டு ஐயத்துக்குரியோரைத் தேர்ந்த திட்டத்துக்குப் போதிய சான்றில்லை என்று அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பு 2013இல் கூறியதை இதனோடு சேர்த்தே படிக்கவேண்டும். அச்சமும் களைப்பும் நிறைந்த வரிசையில் நிற்பவரின் முகம், குற்றத்தை மறைப்பவரின் முகத்தினின்று எளிதில் பிரிவதில்லை.