வலுமாறும் வில்லையின் வரலாறு: ஒளியியலும் உற்பத்தியும்

1

வெள்ளெழுத்து என நம்மவர் வழங்கும் பார்வைக் குறை நோயன்று. வயதின் இயல்பான விளைவு. கண்ணினுள் அமைந்த வில்லை ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழ்ச்சி குன்றி இறுகுகின்றது. அண்மைப் பொருளை நோக்குங்கால் தன் வடிவை மாற்றி வலுவைக் கூட்டிக்கொள்ளும் ஆற்றலை அது இழக்கின்றது. நாற்பது வயதளவில் உணரப்படும் இக்குறை வாசிப்போரையும் தைப்போரையும் அச்சுக் கோப்போரையுமே முதலில் வருத்துகின்றது. உழைக்கும் காலம் முடிவதற்கு நெடுநாள் முன்னரே கண்ணின் துணை குறைந்துவிடுகின்றது.

இக்குறைக்கெனத் தோன்றிய சாதனங்களுள், மேலிருந்து கீழாக வலு படிப்படியாகக் கூடிச் செல்லும் மூக்குக்கண்ணாடி வில்லை தனி முக்கியத்துவம் உடையது. இதனை வலுமாறும் வில்லை எனக் குறிப்போம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் அடைமொழி, நமது இலக்கிய விமர்சனத்தில் ‘முற்போக்கு’ என மொழிபெயர்க்கப்பட்ட அதே சொல்லாகும். இப்பெயரொற்றுமையிலிருந்து முடிவெதனையும் பெற நாம் முயலவில்லை. வாசிப்பைத் தொழிலாகக் கொண்ட இலக்கிய மாணவர், வாசிப்பைச் சாத்தியமாக்கும் கருவியின் வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நியாயம்.

இவ்வரலாறு பொதுவாகக் கண்டுபிடிப்பாளரின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நாம் இரு வினாக்களை எழுப்ப விரும்புகின்றோம். 1907 இல் தோன்றிய கருத்து 1959 வரை பயன்படு பொருளாகாதது ஏன்? முழுத் தெளிவு இயலாதவிடத்து, மங்கலை எங்கே வைப்பது என்பதை எது தீர்மானிக்கின்றது?

2

தூரப்பார்வைக்கும் அண்மைப்பார்வைக்கும் உரிய இரு வில்லைகளைப் பாதி பாதியாக ஒரே சட்டத்தில் பொருத்திய இருகுவியக் கண்ணாடியைப் பெஞ்சமின் பிராங்கிளின் 1785 இல் எழுதிய கடிதமொன்றில் விவரித்துள்ளார். அரை நூற்றாண்டு கழியுமுன்னர் ஜோன் ஐசாக் ஹோக்கின்ஸ் மூன்று வலுக்களைக் கொண்ட கண்ணாடியை அமைத்தார். இவற்றின் குறை வெளிப்படை. இரு பகுதிகளும் சந்திக்கும் கோட்டினைக் கண் கடக்கும்போது காட்சி துள்ளுகின்றது. இருகுவிய வில்லையிலோ, கைக்கெட்டும் தொலைவுக்கும் சற்று அப்பாலுள்ள இடைவெளி எந்தப் பகுதிக்கும் உரியதாகாது விடுபட்டுப் போகின்றது.

கோடே இல்லாத, வலு தொடர்ச்சியாக மாறும் மேற்பரப்பு இதற்குத் தீர்வாகும் என்ற கருத்துக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவன் ஏவ்ஸ் 1907 இல் காப்புரிமை பெற்றார். இத்தகைய மேற்பரப்பை விளக்க யானையின் துதிக்கையை உவமையாகக் கூறுவது வழக்கம். அடியில் பருத்து மெல்லவே வளையும் துதிக்கை, நுனியை நோக்கிச் செல்லச் செல்லச் சிறுத்து இறுக வளைகின்றது. வளைவு கூடுமிடத்து வலுவும் கூடும். கருத்து இவ்வளவு எளிதாயினும் ஏவ்ஸின் வில்லை சந்தைக்கு வரவில்லை. 1920களில் கனடாவில் கௌலண்ட் என்பவர் வெளிக்கொணர்ந்த வில்லையும் நிலைபெறவில்லை.

இதற்கான காரணத்தை அறிவாற்றலின் குறைவிற் காணுதல் தவறாகும். கண்ணாடி கடையும் தொழிலின் அடிப்படை அக்காலத்தில் உராய்வே. அரைதூளை இடையிலிட்டு எல்லாத் திசைகளிலும் ஒன்றோடொன்று தேய்க்கப்படும் இரு பரப்புகள், தேய்ப்பவர் விரும்பினும் விரும்பாவிடினும், கோள வடிவினையே நாடும். எங்கும் ஒரே வளைவுடைய வடிவம் ஒன்றே அவ்வுராய்வில் நிலைத்து நிற்க வல்லது. ஆகவே இடத்துக்கிடம் வளைவு மாறும் பரப்பினை வரைந்து காட்டிய அறிவு, அதனை ஆக்கவல்ல கருவியின்றி ஐம்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சிநிலை சிந்தனையின் பயனுக்கு எல்லை வகுக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

3

இவ்வெல்லை கடக்கப்பட்ட களம் எது என்பதும் கவனத்துக்குரியது. 1848 ஆம் ஆண்டுப் புரட்சியின் அலை ஓய்வதற்கு முன், 1849 இல், பாரிசு நகர மூக்குக்கண்ணாடித் தொழிலாளர் தமக்கெனச் சகோதரத்துவச் சங்கமொன்றை நிறுவினர். இதுவே பின்னர் ‘சொசியேற்றே தே லுனெற்றியே’ எனவும், அதன் முதலெழுத்துக்களின் ஒலிப்பிலிருந்து ‘எசெல்’ எனவும் வழங்கலாயிற்று. கூட்டுறவு ஆலைகளை மார்க்ஸ் 1864 இல் முதலாம் அகிலத்தின் தொடக்க உரையிற் பெரிதும் போற்றினார். ஆயினும் அவை குறுகிய வட்டத்துள் நிற்கும்வரை முதலாளித்துவத்தின் வளர்ச்சியைத் தடுக்கமாட்டா என்பதையும் அவ்வுரையிலேயே சுட்டினார். எசெலின் வரலாறு இவ்விரு கூற்றுக்கும் பொருந்துகின்றது. காலப்போக்கில் அங்கும் பங்குரிமை பெற்ற சிலர், கூலிக்கு உழைத்த பலர் என்ற பிரிவு தோன்றிற்று.

இந்நிறுவனத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சேர்ந்த இளம் பொறியியலாளர் பேர்னார் மெற்றனாஸ். தந்தையார் இருகுவியக் கண்ணாடியோடு இடர்ப்பட்டதைக் கண்டே அவர் இம்முயற்சியில் இறங்கினார் எனக் கூறுவர். அவருடைய சாதனை பரப்பினைக் கணித்ததோடு முடியவில்லை. கோளமல்லாத பரப்பைக் கடையும் பொறியையும், கடைந்த வடிவம் சிதையாது மெருகேற்றும் முறையையும் உருவாக்க வேண்டியிருந்தது. 1951 அளவில் முளைகொண்ட கருத்து 1959 இல் ‘வரிலக்ஸ்’ என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் பட்டறையில் கழிந்த ஆண்டுகள். பொறியியலாளர் ஒருவரின் பெயரை மாத்திரம் வரலாறு நினைவிற் கொள்வது, அப்பட்டறையின் கைகளை மறப்பதாகும்.

4

1963 இல் மிங்க்விற்ஸ் என்ற ஜேர்மானியர் நிறுவிய தேற்றம் இத்துறையின் உள்முரண்பாட்டைக் கணித வடிவில் வெளிப்படுத்திற்று. வலுமாறும் வில்லையின் நடுவே, மேலிருந்து கீழாக, பார்வை பழுதின்றிச் செல்லும் கோடு ஒன்றுண்டு. அக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் பரப்பு எல்லாத் திசைகளிலும் சமமாக வளைந்திருக்கும். கோட்டைவிட்டுப் பக்கவாட்டில் விலகினால், திசைக்குத் திசை வளைவு வேறுபட்டு, ஒரு புள்ளியின் ஒளி ஒரு புள்ளியிற் குவியாது சிதறுகின்றது. இப்புள்ளிக்குவியமின்மை, கோட்டின் வழியே வலு கூடும் வேகத்தின் இருமடங்கு வேகத்தில் பக்கவாட்டில் வளரும் என்பதே அத்தேற்றத்தின் சாரம்.

உதாரணமாக, 16 மில்லிமீற்றர் நீளத்தில் 2 டயொப்டர் வலு சீராகக் கூடுவதாகக் கொள்வோம். ஒரு மில்லிமீற்றருக்குக் கூடும் வலு 0.125 டயொப்டர். எனவே பக்கவாட்டில் ஒரு மில்லிமீற்றருக்கு 0.25 டயொப்டர் குறை வளரும். அரை டயொப்டர் வரை கண் பொறுக்கும் எனின், இருபுறமும் இவ்விரண்டாக, நான்கு மில்லிமீற்றர் அகலமே தெளிந்த வழியாக எஞ்சும். வலு மாறும் தூரத்தை நீட்டினால் வழி அகலும். ஆனால் வாசிப்போர் கண்ணை மேலும் கீழே தாழ்த்த நேரும். தொடர்ச்சி வேண்டின் மங்கலை ஏற்றேயாக வேண்டும். அதனை ஒழிக்கவியலாது, பங்கிடவே இயலும்.

முதல் வரிலக்ஸ், தூரத்துக்கும் அண்மைக்கும் விரிந்த கோளப் பகுதிகளை அளித்து, மங்கலைக் கீழ்ப்பக்க ஓரங்களிற் செறித்தது. 1972 இல் வந்த இரண்டாம் வரிலக்ஸ், கூம்பு வெட்டுமுக வளைவுகளைக் கையாண்டு அதனை அகலப் பரப்பிற்று. அசையும் கண்ணுக்கு உலகம் குறைவாக ஆடிற்று. 2000 ஆம் ஆண்டளவில், கணினியால் இயங்கும் பொறிகள் தனியொருவரின் அளவுகளுக்கேற்பப் பரப்பினைப் புள்ளிபுள்ளியாகக் கடையத் தொடங்கின. பங்கீடு நுட்பமாயிற்று, தேற்றம் மாறவில்லை.

பங்கீடு என்றவுடன் சமூகம் உள்ளே நுழைந்துவிடுகின்றது. அண்மைப் பகுதியைக் கீழே வைத்தவர், புத்தகத்தையோ கோப்பையோ குனிந்து நோக்கும் ஒருவரையே மனத்திற் கொண்டார். தலைக்குமேல் மின்கம்பி இணைப்பவரும் கூரையின் அடிப்புறத்திற் பணிசெய்பவரும் அந்த மாதிரியுள் அடங்கவில்லை. படியிறங்கும் முதியவர் தம் காலடியை அண்மை வலுவினூடாக நோக்க நேர்கின்றது. பலகுவியக் கண்ணாடி அணியும் முதியோர் விழும் வாய்ப்பு மிகுதி என 2002 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியுள்ளது. அலுவலக மேசைக்கெனத் தூரத்தைக் குறைத்து இடைவெளியை விரித்த வில்லைகள் பின்னர் வந்தமை, முந்திய வடிவம் எல்லோருக்கும் பொதுவானதன்று என்பதற்கு ஒப்புதலாகும்.

5

எசெல் 1972 இல் சிலோரோடு இணைந்து எசிலோர் ஆயிற்று. எசிலோர் 2018 இல் லுக்ஸொற்றிக்காவுடன் இணைந்து உலகப் பெரும் நிறுவனமாயிற்று. 1849 இன் சகோதரத்துவச் சங்கம் சென்றடைந்த இடம் இது. அதற்கு அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, வெள்ளெழுத்துக்கு உரிய கண்ணாடியின்றி வாழ்வோர் 82 கோடியே 60 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. இவர்கள் இழந்திருப்பது நுட்பமிக்க வலுமாறும் வில்லையை அன்று. பிராங்கிளினுக்கும் முன்னரே கிடைத்த எளிய வில்லையை.

2018 இல் வெளியான பிறிதோர் ஆய்வு இங்கு பொருத்தமுடையது. அசாமில் நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய 751 தேயிலைத் தொழிலாளர் அதில் இடம்பெற்றனர். எளிய அண்மைக் கண்ணாடி உடனடியாக வழங்கப்பட்டோர் பறித்த கொழுந்தின் அளவு, வழங்கப்படாதோரோடு ஒப்பிட ஏறத்தாழ 22 வீதம் மிகுந்தது. கண்ணாடியின் பயனுக்கு இது வலுவான சான்று. எனினும் பார்வையின் பெறுமதி கிலோகிராமில் நிறுக்கப்பட்டதையும் நாம் கவனியாது விடலாகாது. மிகுந்த கொழுந்து எவருடைய வாழ்வை உயர்த்தும் என்பது ஒளியியல் விடைகூறும் வினாவன்று. அது உற்பத்தி உறவுகளின் வினா.

வலுமாறும் வில்லை மனித அறிவின் உயர்ந்த ஆக்கங்களுள் ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. அதன் பரப்பில் மங்கல் ஓரளவு எஞ்சுவது இயற்கையின் விதி. மிங்க்விற்ஸ் அதனை நிறுவினார். அந்த எண்பத்திரண்டு கோடிப் பேரின் மங்கலுக்கு அத்தகைய தேற்றமெதுவும் இல்லை.