தரையை மட்டமாக்கிய கதை

பொள்ளாச்சி–கொல்லங்கோடு சாலையில் தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லைச் சிற்றூர் கோவிந்தாபுரம். இப்பகுதியின் பழைய வீடுகளில் தரை என்பது திமிசுக்கட்டையால் இறுக்கிய மண். குழி விழுந்தால் மண் குழைத்து அப்பி, சாணம் கரைத்து மெழுகுவார்கள். வசதியான வீடுகளில் சுண்ணாம்புடன் சிரட்டைக்கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்த கருந்தரை இருந்தது.

1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், சுட்ட மண் தரையோடுகள் மலபாரில் பரவின. 1934இல் மதுக்கரையிலும் 1984இல் வாளையாறிலும் சிமெண்டு உற்பத்தி தொடங்கியது. சிமெண்டுடன் காவிச்சாயம் கலந்து, ஈரம் காயுமுன் கரண்டியால் அழுத்தித் தேய்த்த சிவப்புத் தரை வீட்டுக்கு வீடு வந்தது. மட்டம் பார்க்க ரசமட்டமும், நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயும் போதுமாயிருந்தன.

பள்ளமும் மேடுமான பழைய தளத்தைச் சீராக்க இப்போது செல்ஃப் லெவலிங் கலவை உண்டு. 1960களில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் உருவான, குறைந்த நீரிலேயே சிமெண்டை இளக்கும் வேதிப்பொருள்கள் இதற்கு வழி திறந்தன. தளத்தைத் தூசி நீக்கி, பிரைமர் பூசி, கலவையை ஊற்றினால் அது தானே பரவி மட்டமாகும். நீர் கூடினால் மேற்பரப்பு பொடியும். பிரைமர் விட்டுப்போனால் பெயரும். கலவை மாறினாலும், அடித்தளம் உறுதியாக இல்லாமல் எந்தத் தரையும் நிற்பதில்லை.