கண்டிப்பும் கிருபையும்: ஹத்ருமேத்தம் துறவிகள் எழுப்பிய கேள்வி

நான் முதன்முதலாகப் பொறுப்பேற்ற சேகரத்தில் குடிப்பழக்கத்திற்கு அடிமைப்பட்டிருந்த சபையார் ஒருவர் இருந்தார். ஒருநாள் மாலை அவரைச் சந்தித்து, அவருடைய குடும்பத்தின் நிலையை எடுத்துரைத்துச் சற்றுக் கடுமையாகவே கடிந்துகொண்டேன். அவர் கோபங்கொள்ளவில்லை. “ஐயா, கடவுள் மனம் வைத்தால் நான் திருந்துவேன். அவர் மனம் வைக்காவிட்டால் நீங்கள் கண்டித்து ஆவதென்ன? எனக்காக ஜெபம் பண்ணுங்கள், அது போதும்” என்றார். அச்சொல்லில் தாழ்மையும் இருந்தது. தப்பித்துக்கொள்ளும் வழியும் இருந்தது. இரண்டையும் பிரித்தறிய அன்று எனக்குத் தெரியவில்லை. ஜெபித்துவிட்டு வீடு திரும்பினேன்.

பல ஆண்டுகளுக்குப் பின் திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும் பணியை ஏற்றபோது, ஏறக்குறைய இதே சொற்களை ஐந்தாம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்காவின் துறவு மடம் ஒன்றில் கேட்டேன். மனிதனுடைய சுயாதீனச் சித்தத்தையும் கடவுளுடைய கிருபையையும் பற்றிப் பெலாகியுஸுக்கும் அகுஸ்தீனுக்கும் நடந்த வழக்கை இறையியல் மாணவர் யாவரும் அறிவர். அவ்வழக்குத் தீர்ந்து எட்டு ஆண்டுகள் சென்றபின், வென்ற தரப்பாரின் நடுவிலேயே எழுந்த கேள்வியோ அத்துணை கவனம் பெறுவதில்லை. கிருபையே எல்லாம் என்றால் கட்டளைக்கும் கண்டிப்புக்கும் இடமேது என்பதே அக்கேள்வி. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெலாகியுஸின் கவலை

பெலாகியுஸ் பிரித்தானியாவிலிருந்து வந்தவர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரியில் தங்கி, உயர்குடிக் கிறிஸ்தவர்களுக்குத் தூய வாழ்க்கையைப் போதித்துவந்தார். அவரைத் தொடக்கத்திலேயே ஒரு மதப்புரட்டராகக் காண்பது நேர்மையாகாது. 380ஆம் ஆண்டில் பேரரசன் தெயோதோசியுஸ் பிறப்பித்த ஆணைக்குப்பின் கிறிஸ்தவம் பேரரசின் சமயமாயிற்று. பெயரளவில் திருமுழுக்குப் பெற்று, வாழ்க்கையில் யாதொரு மாற்றமுமின்றி ஆலயம் வந்துபோவோர் பெருகினர். ‘நாங்கள் பலவீனர், என்ன செய்வோம்?’ என்னும் சாக்குப்போக்கே எங்கும் ஒலித்தது. பெலாகியுஸ் இதனைக் கண்டு மனம் புழுங்கினார்.

அகுஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ என்னும் நூலின் பத்தாம் பகுதியில், கடவுள் தாம் கட்டளையிடுவதைத் தாமே தந்தருளி, அதன்பின் தாம் விரும்புவதைக் கட்டளையிடட்டும் என்று மன்றாடுகிறார். பேராயர் ஒருவர் இம்மன்றாட்டை எடுத்துச்சொல்லக் கேட்டுப் பெலாகியுஸ் பொறுக்கமாட்டாமல் எதிர்த்துப் பேசினாராம். கட்டளையையும் அதைச் செய்யும் ஆற்றலையும் ஒருவரே தரவேண்டுமாயின், மனிதனுக்குப் பொறுப்பென்று யாது மிஞ்சும் என்பது அவர் வாதம். ஏறக்குறைய 413ஆம் ஆண்டில், கன்னி விரதம் பூண்ட தெமேத்திரியாள் என்னும் உயர்குடிப் பெண்ணுக்கு அவர் எழுதிய நிருபத்தில் இதே கருத்தை விரித்துரைத்தார். நம்மைப் படைத்தவர் நம் ஆற்றலின் அளவை அறிவார். ஆதலால் நம்மால் இயலாததை அவர் கட்டளையிடார் என்பது அதன் சாரம்.

410ஆம் ஆண்டில் அலாரிக்கின் தலைமையில் கோத்தியர் ரோமாபுரியைச் சூறையாடிய காலத்தில், பெலாகியுஸும் அவருடைய நண்பர் கெலெஸ்தியுஸும் ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடந்தனர். பெலாகியுஸ் விரைவில் பாலஸ்தீனாவுக்குச் சென்றுவிட்டார். ஆதாமின் பாவம் அவனை மட்டுமே கெடுத்தது என்று போதித்த கெலெஸ்தியுஸ் 411ஆம் ஆண்டில் கார்த்தேஜில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். 415ஆம் ஆண்டில் தியோஸ்போலியில் கூடிய பேராயர்கள் பெலாகியுஸைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். ஆப்பிரிக்கத் திருச்சபையோ விடவில்லை. 418ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாளில் பேரரசன் ஒனோரியுஸ் அவருக்கெதிராக ஆணை பிறப்பித்தான். மறுநாள் கார்த்தேஜ் சங்கம் அவர் போதனையைக் கண்டனஞ்செய்தது. தயங்கிநின்ற ரோமாபுரியின் பேராயர் சோசிமுஸும் அவ்வாண்டிலேயே அத்தீர்ப்பை ஏற்றார்.

அகுஸ்தீன் மனிதனுக்குச் சித்தமே இல்லையென்று ஒருபோதும் போதித்ததில்லை. 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டமொன்றில் தாம் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. மனம் கையை அசையெனக் கட்டளையிட்டால் கை அசைகிறது. மனம் தனக்குத்தானே கட்டளையிட்டால் மட்டும் எதிர்த்து நிற்கிறதே என்று அவர் வியந்தார். சித்தம் உண்டு, ஆனால் அது நோயுற்றுப் பிளவுபட்டுக் கிடக்கிறது. கிருபை அதனை அகற்றிவிட்டு வேறொன்றை அவ்விடத்தில் வைப்பதில்லை, அதனைக் குணப்படுத்துகிறது. நோயாளியிடம் ‘நீ ஓடு’ என்று கட்டளையிடுபவரே அவன் கால்களுக்கு வலுவும் தருகிறார்.

ஒரு நிருபம் விளைவித்த கலகம்

தற்காலத் துனீசியாவில் சூஸ் என வழங்கும் துறைமுகப் பட்டணமே பண்டைய ஹத்ருமேத்தம். அங்கே வலென்தீனுஸ் என்பவரைத் தலைவராகக் கொண்ட துறவு மடம் ஒன்று இருந்தது. அம்மடத்துத் துறவியாகிய புளோருஸ் தம் சொந்த ஊராகிய உசாலிசுக்குச் சென்றிருந்தபோது, அகுஸ்தீன் 418ஆம் ஆண்டளவில் ரோமாபுரியின் மூப்பர் சிக்ஸ்துஸுக்கு எழுதிய நீண்ட நிருபமொன்றைக் கண்டார். மனிதனுடைய நற்செயல்களுக்கு முடிசூட்டும் கடவுள், தாம் அளித்த ஈவுகளுக்கே முடிசூட்டுகிறார் என்பது அந்நிருபத்தின் கருத்து. புளோருஸ் அதனைப் படியெடுத்து, உடன்வந்த பேலிக்ஸ் வழியாக மடத்துக்கு அனுப்பிவைத்தார்.

மடத்தலைவர் அறியாதிருக்கையிலேயே துறவிகள் அதனை வாசிக்கத் தொடங்கினர். கலகம் மூண்டது. சிலர், கிருபையை இவ்வாறு போதித்தால் சுயாதீனச் சித்தம் ஒழிந்துபோகும் என்று அஞ்சினர். வேறு சிலரோ, கடவுள் கடைசி நாளில் அவனவன் செய்கைக்குத் தக்கபடி நியாயந்தீர்ப்பார் என்பதே ஐயத்திற்குரியது என்னுமளவுக்குச் சென்றனர்.

இதனை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. மடத்து வாழ்க்கை முழுவதும் கீழ்ப்படிதலின்மேல் கட்டப்பட்டது. விடியுமுன் எழுந்து ஜெபித்தல், உபவாசம், கைத்தொழில், தலைவர் சொல்லை மீறாமை ஆகிய யாவும் மனிதன் கீழ்ப்படியக்கூடும் என்னும் நம்பிக்கையில் நிலைபெற்றவை. அப்படிப்பட்டவரிடம், ‘உன் கீழ்ப்படிதலும் உன்னுடையதன்று, அதுவும் ஈவே’ என்றால் அவர் உள்ளம் கலங்குவது இயல்பே.

இறுதியில் இளந்துறவிகளாகிய கிரெஸ்கோனியுஸும் பேலிக்ஸும் ஹிப்போவுக்குப் புறப்பட்டனர். இது 426 அல்லது 427ஆம் ஆண்டில் உயிர்த்தெழுந்த திருநாளுக்குச் சற்று முன்னர் நிகழ்ந்தது. அகுஸ்தீன் அப்போது எழுபது வயதைக் கடந்தவர். அவர் இவ்விருவரையும் வாக்குவாதம் செய்து திருப்பியனுப்பாமல், திருநாள் வரை தம்மோடு தங்கவைத்து, அந்நிருபத்தை அவர்களோடு அமர்ந்து வாசித்து விளக்கினார். கர்த்தருடைய ஜெபத்தைப் பற்றிக் கார்த்தேஜின் இரத்தசாட்சியாகிய சிப்பிரியன் எழுதிய நூலையும் அவர்களுக்குப் படித்துக்காட்டினார். உமது சித்தம் செய்யப்படுவதாக என்று நாம் நாள்தோறும் மன்றாடுவதே, கீழ்ப்படிதலைக் கடவுளிடம் கேட்டுப் பெறவேண்டும் என்பதற்குச் சான்றன்றோ?

இரண்டு விடைகள்

அம்மடத்தாருக்கென்றே அகுஸ்தீன் ‘கிருபையும் சுயாதீனச் சித்தமும்’ என்னும் நூலை எழுதினார். அதன் வாதம் எளியது. செய்யாதே, விரும்பாதே என்று வேதம் கட்டளையிடும்போதெல்லாம் அது ஒரு சித்தத்தை நோக்கியே பேசுகிறது. அதே வேதம், அச்சித்தம் நன்மையை விரும்புவதும் கடவுளின் செயலே என்கிறது. எசேக்கியேல் 18:31இல் புது இருதயத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்று கட்டளையிடும் கடவுள், 36:26இல் புது இருதயத்தை நானே தருவேன் என்று வாக்களிக்கிறார். இவற்றுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றைக் கைவிட நமக்கு உரிமையில்லை.

இந்நூல் மடத்தை அடைந்தபின் ஒருவர் இன்னுமொரு படி மேலே சென்றார். அப்படியானால் எங்கள் தலைவர்கள் நாங்கள் செய்யவேண்டியதைச் சொல்லட்டும், அதனைச் செய்யும்படி எங்களுக்காக ஜெபிக்கட்டும். செய்யத் தவறும்போது எங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம், பெறாத ஈவுக்கு எங்களைப் பொறுப்பாக்குவது எப்படி என்பது அவர் வாதம். என் சேகரத்துச் சபையார் சொன்னதும் இதுவே.

இதற்கு விடையாகவே ‘கண்டிப்பும் கிருபையும்’ என்னும் நூல் பிறந்தது. அகுஸ்தீன் தம் வாழ்நாளில் எழுதிய நூல்களை மறுஆய்வு செய்து தொகுத்த ஏட்டில் இறுதியாக இடம்பெறுவது இந்நூலே. அதில் அவர் எடுத்துக்காட்டுவது அப்போஸ்தலருடைய நடைமுறையை. அவர்கள் கட்டளையிட்டனர், கடிந்துகொண்டனர், ஜெபித்தனர், மூன்றையும் செய்தனர். கொரிந்து சபையை அத்துணை கடுமையாகக் கண்டித்த பவுல், அவர்கள் ஒரு பொல்லாங்கும் செய்யாதபடி கடவுளை வேண்டிக்கொள்வதாக எழுதுகிறார் (2 கொரிந்தியர் 13:7).

பாவம் நம்முடையது, எனவே கண்டிப்பும் நமக்குரியது. கண்டிக்கப்படுகிறவன் அடையும் வேதனையே அவனை ஜெபத்திற்குத் தூண்டும் கருவியாகலாம். கடவுள் எவரைத் தெரிந்துகொண்டார் என்பது ஆயருக்கு மறைபொருள். ஆகையால் அவர் எவரையும் கைவிடாமல் எல்லாரையும் அன்போடு கடிந்துகொள்ளவேண்டும். மருத்துவர், நோயாளி பிழைப்பானோ மாட்டானோ என்று கணக்கிட்டா மருந்து கொடுக்கிறார்?

நாம் மறைக்கலாகாத ஒன்று

அகுஸ்தீனுடைய போதனையில் நிழலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொனாத்தியரைத் திருச்சபைக்குள் கொண்டுவரும் வழக்கில், அரசனின் சட்டங்களால் எவரையும் வற்புறுத்தலாகாது என்றே அவர் முதலில் எண்ணியிருந்தார். 405ஆம் ஆண்டின் ஆணைக்குப்பின் பலர் திரும்பிவரக் கண்டு மனம் மாறினார். விருந்துக்கு வரும்படி வருந்திக் கேட்கச் சொல்லும் லூக்கா 14:23ஐ அரசனின் தண்டனைக்கு ஆதாரமாக்கினார். கடவுள் ஒருவரே சித்தத்தை உள்ளிருந்து குணப்படுத்தக்கூடும் என்று போதித்தவர், அபராதமும் நாடுகடத்தலும் அவ்வேலைக்குத் துணைசெய்யும் என நம்பினார். பிற்கால நூற்றாண்டுகளில் இவ்வாதம் எத்தனையோ கொடுமைகளுக்குச் சாக்காயிற்று. கண்டிப்பு ஆயரின் கையைவிட்டு அதிகாரியின் கைக்குப் போகும்போது, அதனோடு ஜெபம் போவதில்லை. ஜெபமற்ற கண்டிப்பு வெறும் வற்புறுத்தலே.

முன்குறித்தலைப் பற்றி அவர் கடைசி ஆண்டுகளில் எழுதியவை தென் காலியாவின் துறவிகளையும் கலங்கச்செய்தன. மார்செய் நகரில் வாழ்ந்த யோவான் காசியன், நன்மையின் தொடக்கம் சில வேளைகளில் மனிதனிடத்திலும் தோன்றலாம் என்று போதித்தார். நூறு ஆண்டுகள் நீடித்த இவ்வழக்கை, 529ஆம் ஆண்டில் ஆர்ல் நகரின் பேராயர் செசாரியுஸ் தலைமையில் ஒராஞ்சில் கூடிய சங்கம் தீர்த்துவைத்தது. விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையே என அச்சங்கம் அறிக்கையிட்டது. கடவுள் எவரையேனும் தீமைக்கென்று முன்குறித்தார் என்பாரை அதே சங்கம் சபித்தது. திருமுழுக்குப் பெற்ற யாவரும், கிறிஸ்துவின் துணையோடு உண்மையாய் உழைப்பாராயின், மீட்புக்குரியவற்றை நிறைவேற்றக்கூடும், நிறைவேற்றவும் வேண்டும் என்றும் கூறியது. கிருபையைக் காத்தவர்கள் உழைப்பையும் கைவிடவில்லை.

நம் ஊழியத்திற்கு

பிலிப்பியர் 2:12, 13ஐ நாம் அடிக்கடி எடுத்துப் பேசுகிறோம். உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்னும் கட்டளையும், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் கடவுளே என்னும் அறிவிப்பும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. அவற்றுக்கு முன், எட்டாம் வசனத்தில், சிலுவையின் மரணபரியந்தம் கீழ்ப்படிந்த கிறிஸ்துவைப் பவுல் நிறுத்தியிருக்கிறார். கிறிஸ்துவினிடத்தில் கீழ்ப்படிதல் சித்தத்தை ஒழிக்கவில்லை. கெத்செமனேயில் அவர் தம் சித்தத்தைப் பிதாவிடம் ஒப்புவித்தார். நம் சுயாதீனத்தின் அளவுகோலும் அதுவே.

கட்டளையும் கண்டிப்பும் மட்டும் அறிந்த பிரசங்கபீடம் பெலாகியுஸின் பிள்ளை. அது வலியோரை அகந்தைக்கும் எளியோரை நம்பிக்கையின்மைக்கும் ஆளாக்கும். ஜெபிக்கிறேன் என்று சொல்லிக் கண்டிக்க மறுக்கும் ஆயரோ, ஹத்ருமேத்தம் துறவியின் சாக்கைத் தம் சாக்காக்கிக்கொள்கிறார்.

430ஆம் ஆண்டில் வண்டாலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருக்கையில் அகுஸ்தீன் நோயுற்றுக் கிடந்தார். தாவீதின் மனந்திரும்புதல் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச்செய்து, படுக்கையிலிருந்தபடியே அவற்றை வாசித்து ஓயாமல் கண்ணீர் விட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய பொசிதியுஸ் கூறுகிறார். ஆகஸ்டு 28ஆம் நாளில் அவர் உயிர் பிரிந்தது. கிருபையைக் குறித்து அவ்வளவு எழுதியவர், தம்மைத்தாமே கடிந்துகொள்வதைக் கடைசி மூச்சுவரை நிறுத்தவில்லை.

என் சேகரத்து மனிதரிடம் நான் திரும்பவும் சென்று பேசியிருக்கவேண்டும். அவருக்காக ஜெபித்துவந்தேன் என்பது உண்மை. ஆனால் இரண்டாம் முறை கடிந்துகொள்ளச் செல்லாததற்குக் காரணம் கிருபையின்மேல் நான் வைத்த நம்பிக்கையன்று, என் சோர்வே. அச்சோர்வுக்குப் பக்தியின் பெயரைச் சூட்டிக்கொண்டேன் என்பதை ஆயர் ஊழியத்திற்குப் புறப்படும் மாணவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவருகிறேன். ஜெபித்து எழுந்த கால்கள் அந்த வீட்டின் வாசலுக்கு மீண்டும் நடக்கவேண்டும்.